வலது தோளில் முந்தானை

உசிலம்பட்டி,
ஜூன் 10, 2024

தரணிக்கு,

உன் எண்ணை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். நீ எத்தனை முறை கூப்பிட்டாலும் எனக்கு மணி அடிக்காது. பேசினால் நீ அழுவாய், எனக்கு மனசு இளகிவிடும். அது வேண்டாம். அதனால்தான் இந்தக் காகிதம். நீயும் காகிதத்திலேயே பதில் எழுது. எழுதியதை அப்புறம் மாற்றிப் பேச முடியாது.

போன செவ்வாய்க்கிழமை அம்மா மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போனாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எதிரே ஒரு பெரிய பிளக்ஸ் தட்டி. அதில் அவள் முகம். கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் திறந்து, கையில் ஒரு கிளாஸ். கிளாஸுக்குள் கருஞ்சிவப்பாக ஏதோ. மேலே எழுதியிருக்கிறது: "குடி பெண்களையும் விடுவதில்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் உடனே அழையுங்கள்." கீழே மதுரை ரோட்டில் இருக்கும் ஒரு மறுவாழ்வு மையத்தின் நம்பர்.

அம்மா அதை நின்று படித்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "ஏன்டி ஒச்சாயி, திருப்பூர்ல இருந்தப்பவே பழக்கமா?" என்று கேட்டிருக்கிறாள். அம்மா வந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டாள்.

என் அப்பா எப்படிச் செத்தார் என்று உனக்குத் தெரியும். வீரணன் பெண்டாட்டி என்றாலே எங்கள் பக்கத்தில் சாராயக்கடை வாசலில் இருந்து புருஷனைத் தோளில் தாங்கி வந்தவள் என்றுதான் பேர். அவர் போன பிறகு ஐந்தாம் வகுப்புப் படித்த என்னைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏறினாள். பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்றே என்னைப் படிக்க வைத்தாள். அப்படிப்பட்டவளை, பாடு முடிந்து ஊர் திரும்பியவளை, ஊர் நடுவில் குடிகாரியாக நிறுத்திவிட்டார்கள்.

அந்தப் படத்தை எடுத்தது நீ. கம்பெனிக்கு சாம்பிள் துணிகளைப் படம் எடுக்க வந்தவள், டீ இடைவேளையில் அம்மாவை எடுத்தாய். ஒப்புதல் தாளில் அம்மா கையெழுத்துப் போட்டபோது சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். "கெட்டதுக்கு யாரும் இதைப் போட முடியாதுங்கம்மா" என்று நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

ஏன் விற்றாய் என்று மட்டும் சொல்.

சித்ராதேவி


பல்லடம்,
ஜூன் 15, 2024

அன்புள்ள சித்ரா,

உன் கடிதத்தைத் தறிக்கொட்டகை வாசலில் நின்று படித்தேன். உள்ளே தறி ஓடுகிற சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. நீ சொன்னது போலவே அழத்தான் செய்தேன்.

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அம்மாவின் படத்தை நான் இணையத்தில் ஏற்றியது உண்மை. உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் ஏற்றினேன். நாங்கள் படம் எடுத்துப் போடுகிற தளம் ஒரு சந்தை மாதிரி. உலகத்தில் எங்கே இருப்பவரும் அங்கே வந்து, ஒரு படத்தைப் பயன்படுத்த உரிமம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நோய், குடி, குற்றம் என்று படத்தில் இருப்பவருக்கு இழிவு வருகிற எதற்கும் பயன்படுத்தக்கூடாது என்று அம்மாவின் படத்துக்குத் தனியாகவே குறித்து வைத்தேன். இன்று என் கணக்கைத் திறந்து, அந்தப் படத்தை வாங்கியவர்களை எல்லாம் பார்த்தேன். ஒரு பல் டாக்டர், வெளிநாட்டில் ஒரு பாடப்புத்தகம், ஒரு தேயிலைக் கம்பெனி. அவ்வளவுதான். மதுரைப் பக்கம் யாருமே வாங்கவில்லை.

அப்புறம் அது எப்படி அங்கே போனது? எனக்குத் தெரியவில்லை சித்ரா. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத மாட்டேன்.

ஒன்று கேட்கட்டுமா? உன் கடிதத்தில் "விற்றாயா" என்று இல்லை. "ஏன் விற்றாய்" என்றுதான் இருக்கிறது. கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டாய். உன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அம்மா கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன்? அந்த முகத்தையா நான் இதற்குக் கொடுப்பேன்? எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் அம்மா பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு என் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்தத் தட்டியை ஒரு படம் எடுத்து அனுப்பு. அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லாதே. விசாரிக்க எனக்குத் தகுதி வரட்டும்.

தரணி


உசிலம்பட்டி,
ஜூன் 20, 2024

தரணிக்கு,

நீ தனியாகக் குறித்து வைத்தது எங்கள் பஸ் ஸ்டாண்டில் யாருக்கும் தெரியவில்லை.

அம்மா வாசலுக்கே வருவதில்லை. பால், காய்கறி எல்லாம் பக்கத்து வீட்டு மயிலாள் அக்காதான் வாங்கி வருகிறாள். குழுப் பெண்கள் நேற்று வீடு தேடி வந்தார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் இருந்தே சொன்னாள்: "வேற யாரையாச்சும் தலைவியாப் போட்டுக்கங்கத்தா. என்னைய விட்ருங்க." ஊரில் சாராயக்கடையை மூடச் சொல்லி கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தவள் அவள். இப்போது அந்தக் கடைக்காரனே சிரிக்கிறானாம்.

நான் வேலைக்குப் போகிற தேனி பஸ் தினமும் அந்தத் தட்டியைத் தாண்டித்தான் போகிறது. நான் பார்ப்பதில்லை. உனக்காக நேற்று இறங்கிப் படம் எடுத்தேன். பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள்.

சித்ராதேவி


பல்லடம்,
ஜூன் 24, 2024

சித்ரா,

நன்றாகப் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். நீயும் பார். தயவுசெய்து இப்போதே ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு பார்.

முந்தானை எந்தத் தோளில் இருக்கிறது?

வலது தோளில்! அம்மா என்றைக்காவது வலது தோளில் முந்தானை போட்டிருக்கிறாளா? நம் பக்கத்தில் யாராவது போடுவார்களா? என் படத்தில் இடது தோளில்தான் இருக்கிறது. யாரோ என் படத்தை எடுத்து, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். திருட்டுப் படம் போடுகிறவர்கள் செய்கிற வேலை இது. திருப்பிவிட்டால் தளத்துக் கம்ப்யூட்டர் ஒரே படம் என்று கண்டுபிடிக்காது. அதாவது, அந்த மையம் வாங்கியது என்னுடைய படத்தை அல்ல. என்னிடமிருந்து திருடியவனிடம் வாங்கியிருக்கிறார்கள்.

இன்று முழுக்கத் தேடினேன். கிடைத்துவிட்டான். வேறொரு பெரிய தளத்தில் "சன்லேன் பிக்ஸ்" என்ற பேரில் கடை விரித்திருக்கிறான். அம்மாவின் படத்துக்கு அவன் கொடுத்திருக்கும் குறிப்பைப் பார். "போதையில் கிராமத்துப் பெண்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான். அம்மாவோடு முடியவில்லை. சாயப்பட்டறையில் துணி காய்வது, பல்லடம் கோழிப்பண்ணையில் குஞ்சுகள் ஓடுவது, எங்கள் அப்பா தறியில் நூல் முடிச்சிடுவது... நான் இத்தனை வருடம் எடுத்ததெல்லாம் அங்கே திருப்பித் திருப்பி மாட்டி வைத்திருக்கிறது. எங்கள் அப்பா இடது கையால் முடிச்சுப் போடுகிறார் அங்கே!

இன்னொன்று சொல்லட்டுமா? இந்த சன்லேனை எனக்குத் தெரியும். படம் போடுகிறவர்கள் பேசிக்கொள்கிற இணையக் குழுவில் என் ஒவ்வொரு படத்துக்கும் வந்து, "அருமையான வெளிச்சம், சகோதரி" என்று எழுதுகிற ஆள். நான் நன்றி சொல்லியிருக்கிறேன்.

புகார் அனுப்பிவிட்டேன். நீ ஒன்று செய்வாயா? அந்த மையத்துக்குப் போய், படத்தை யாரிடம் வாங்கினார்கள் என்று ரசீதைக் கேள்.

படத்தில் அம்மா தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாளே, அந்தச் சிரிப்பு எதற்கு என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாளா? நீ பி.காம். பாஸ் என்று போனில் சொன்னாயே, அந்த நிமிஷம் அது. டீ கிளாஸைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டாள். நான் கேமராவைத் தூக்கியதே அதனால்தான்.

தரணி


உசிலம்பட்டி,
ஜூலை 2, 2024

தரணி,

சொல்லவில்லை. அம்மா என்னிடம் அதைச் சொன்னதே இல்லை.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் தட்டிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். வலது தோள்தான். தினமும் சேலை கட்டுகிறவள் நான், இத்தனை நாள் என் கண்ணில் அது படவே இல்லை. கோபம் வந்தால் முகத்தை மட்டும்தான் பார்க்கிறோம் போலிருக்கிறது.

மையத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். மேலாளர் என்று ஒருவர். நல்ல சட்டை, நல்ல பேச்சு.

"நாங்க முறையா லைசென்ஸ் வாங்கித்தாம்மா போட்டிருக்கோம். இந்தம்மா ஏதோ வெளிநாட்டு மாடல்னு நெனச்சோம்."

"வெளிநாட்டுலயா சுங்குடிச் சேலை கட்டுறாக?" என்றேன்.

கிளாஸில் இருந்தது டீ, அதை யார் சாராயமாக்கினது என்று கேட்டேன். "டிசைனர் லேசா கலர் ஏத்துனாப்ல" என்கிறார். லேசாக! தட்டியைக் கழற்ற முடியாதாம். விளம்பரக் கம்பெனியோடு ஒப்பந்தமாம். சரி, ரசீதையாவது காட்டுங்கள் என்றால், அதுவும் முடியாதாம்.

வெளியே வந்தேன். அங்கே நோயாளிகளைக் கூட்டி வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அம்மா ஒரு காலத்தில் இருந்த மாதிரியே இருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று சத்தமாகச் சொன்னேன்: "இந்த ஆஸ்பத்திரி தட்டியில இருக்கறது எங்கம்மா. குடியால புருஷனத் தொலைச்சவ. அவளையே குடிகாரின்னு போட்டிருக்காங்க. கேட்டா ரசீது தர மாட்டேங்கறாங்க." ஒரு கிழவி எழுந்து, "அந்தப் புள்ள கேக்கறதக் குடுங்கய்யா" என்றாள். அப்புறம் இன்னொருத்தி எழுந்தாள். மேலாளர் ஓடிப்போய் ரசீதை நகல் எடுத்துக்கொண்டு வந்தார்.

விற்றவர் பேர்: சன்லேன் பிக்ஸ். நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

உன்மேல் இருந்த கோபம் எங்கே போக வேண்டுமோ அங்கே போய்விட்டது. உன் எண்ணுக்குப் போட்ட தடையையும் எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதம் எழுதுவதை நிறுத்தாதே. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்த கதை வந்த இடத்தில், "திரும்ப வாசி" என்றாள்.

சித்ரா


பல்லடம்,
ஜூலை 15, 2024

அன்புள்ள சித்ரா,

எழுதக் கையே வரவில்லை.

என் கணக்கை மூடிவிட்டார்கள். அவன் கணக்கை அல்ல, என்னுடையதை.

என் புகார் போனதும் அவன் எதிர்ப்புகார் கொடுத்திருக்கிறான். அந்தப் பெரிய தளத்தில் அவன் என் படங்களை ஏற்றி நாளாகிவிட்டது. நான் என் பழைய தளத்தில் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன், போன வருடம்தான் அங்கேயும் கணக்குத் தொடங்கினேன். முதலில் ஏற்றியவன் அவன், அப்புறம் அதே படங்களோடு வந்தவள் நான். ஆக, அவர்கள் கண்ணுக்குத் திருடி நான்! உன் ரசீது நகல், கேமராவில் இருந்த அசல் கோப்பு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், எல்லாவற்றையும் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வருகிறது. "உங்கள் செய்தி கிடைத்தது. முடிவில் மாற்றமில்லை." மனுஷர் எழுதியது மாதிரியே இல்லை. அம்மாவின் ஒப்புதல் தாளைக் காட்டினேன். அவனும் ஒன்று வைத்திருக்கிறானாம். அம்மாவுக்கு ஏதோ ஒரு பொய்ப் பேர் போட்டு, பொய்க் கையெழுத்தும் போட்டு.

குழுவிலும் பரவிவிட்டது. "தரணி என்பவர் அடுத்தவர் படத்தைத் திருடுகிறவர்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே சன்லேன் பெரிய மனதோடு, "போகட்டும், மன்னித்துவிடுவோம்" என்கிறான்.

அப்பாவிடம் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். எங்கள் அப்பா வெள்ளியங்கிரி கோபமாகப் பேசி நீ பார்த்திருக்க மாட்டாய். அன்றும் கோபப்படவில்லை. அதுதான் வலித்தது. "ஏஞ் சாமி, அடுத்தவங்க மூஞ்சிய ஊரூராக் கொண்டு போய் வெக்கற வேலை நமக்கு எதுக்குங் கண்ணு? துணியப் படம் புடிச்சமா, குடுத்தமான்னு இருந்தாப் போதாதா?" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நான் அன்று கேமராவைத் தூக்காமல் இருந்திருந்தால் அம்மா இன்று கதவுக்குப் பின்னால் நிற்க மாட்டாள். விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். பொம்மைக்கு டீ-சர்ட் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு இருந்துவிடுகிறேன். பொம்மைகளுக்கு அவமானம் கிடையாது.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்.

தரணி


உசிலம்பட்டி,
ஜூலை 20, 2024

தரணி,

உன் மன்னிப்பை அம்மாவிடம் சொன்னேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? முகம் கழுவி, தலை வாரி, அந்தப் படத்தில் இருக்கிற அதே சுங்குடிச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளில் முதல் தடவை.

"போன எடுத்துப் பிடி. நான் பேசறதை அந்தக் கம்பெனிக்காரனுக்கு அனுப்பு" என்றாள்.

வீடியோவை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பார்த்திருப்பாய். ஆனாலும் எழுதி வைக்கிறேன்:

"என் பேரு ஒச்சாயி. வீரணன் பொண்டாட்டி. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் பாத்தேன். இந்தப் படத்துல சிரிக்கறது நாந்தான். கைல இருக்கறது டீ. எம்மக பாஸான அன்னைக்குச் சிரிச்சேன். பிடிச்சது பல்லடத்துத் தரணி. அவ கேட்டுப் பிடிச்சா. கேக்காம எடுத்தவன் ஒருத்தன் இருக்கான். அவன் என் பேரச் சொல்லட்டும் பாப்போம்."

கடைசி வரியைப் பார்த்தாயா? நான் சொல்லிக் கொடுக்கவில்லை. மயிலாள் அக்கா கைதட்டிவிட்டாள். நான்தான் போனை ஆட்டிவிட்டேன், அதனால் முடிவில் படம் கொஞ்சம் நடுங்கும்.

இப்போது நான் சொல்வதைக் கேள். உன்னிடம் மட்டுமா திருடியிருப்பான்? அவன் கடையில் நேற்று முழுக்க மேய்ந்தேன். தென்னமெரிக்க மலையில் உருளைக்கிழங்கு தோண்டுகிறவர், ஆப்பிரிக்க பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற பெண், வியட்நாமில் வலை பின்னுகிற ஆள். ஒரே மனிதன் இத்தனை தேசத்திலும் நின்று படம் எடுத்தானா? ஒவ்வொன்றையும் நேராகத் திருப்பி இணையத்தில் தேடினேன். பாதிக்கு மேல் அசல் சொந்தக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள். எல்லாருக்கும் அம்மாவின் வீடியோவை இங்கிலீஷ் எழுத்துப் போட்டு அனுப்பப் போகிறேன். திருப்பூரில் மெர்ச்சண்டைசராக ஏற்றுமதி ஆர்டர் பார்த்தபோது பட்டன் ஒன்று மாறியதற்கெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்குப் பக்கம் பக்கமாக மெயில் எழுதிய கை இது. இதற்கு எழுத மாட்டேனா?

உன் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லு: படம் எடுத்ததில் தப்பில்லை. எங்கள் அம்மா அப்படிச் சிரித்ததற்கு உலகத்தில் அது ஒன்றுதான் சாட்சி.

பொம்மைகள் காத்திருக்கட்டும்.

சித்ரா


பல்லடம்,
ஆகஸ்ட் 22, 2024

சித்ரா! சித்ரா!

ஜெயித்துவிட்டோம்.

காலையில் போனில் கத்தியது போதவில்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் அல்லவா, வரிசையாக எழுதுகிறேன்.

நீ எழுதிய மெயில்களுக்கு முதலில் பதில் போட்டது பெரு நாட்டுக்காரர்தான், நினைவிருக்கிறதா? அவர் தன் கிராமத்து மலைக்கு ஏறிப்போய், படத்தில் இருந்த அந்த உருளைக்கிழங்குக்காரப் பெரியவரையே நிற்க வைத்து வீடியோ எடுத்து அனுப்பினார். பெரியவர் தன் பேரைச் சொன்னார், தன் ஊர்ப் பேரைச் சொன்னார். அப்புறம் அம்மா சொன்னதையே தன் மொழியில் சொன்னார்: "திருடினவன் என் பேரைச் சொல்லட்டும்." அதற்குப் பிறகு நிற்கவில்லை. நைரோபியில் அந்த பஸ் கண்டக்டர் பெண், ஓடுகிற பஸ்ஸின் படியில் நின்று சொன்னாள். வியட்நாமில் வலை பின்னுகிறவர் குடும்பத்தோடு நின்று சொன்னார். ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ், ஒரு ரொட்டிக்கடைக்காரர், இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேர். எல்லாரும் அதே வார்த்தை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே புகாராக அனுப்பினோம். குழுவிலும் போட்டோம். பார்த்தவர்கள் எடுத்து எடுத்துப் பகிர்ந்தார்கள்.

இந்த முறை தளத்திலிருந்து ஒரு மனுஷியே போன் செய்தார். வீடியோக்களை அவர்கள் ஆபீஸில் எல்லாருமாக உட்கார்ந்து பார்த்தார்களாம். அம்மா கேட்டதையே சன்லேனிடம் அவர்களும் கேட்டிருக்கிறார்கள். சில படங்களைக் காட்டி, இவர்கள் யார், எங்கே எடுத்தாய், அசல் கோப்பு எங்கே என்று. ஒரு பேர்கூட அவனுக்குச் சொல்ல வரவில்லை. பொய்யாக எழுதி வைத்த பேர்களே அவனுக்கு மறந்துபோயிருக்கின்றன. அம்மாவின் பேருக்கு முதலில் ஒன்று சொன்னானாம், மறுநாள் இன்னொன்று.

அவன் கடையை மொத்தமாக மூடிவிட்டார்கள். அங்கே இருந்த படங்களை எல்லாம் எடுத்தவர்களுக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். அவனிடம் வாங்கியவர்களுக்கு எல்லாம், உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று கடிதம் போயிருக்கிறது. உங்கள் மறுவாழ்வு மையத்துக்கும்தான். என் கணக்கைத் திறந்து, எழுத்தில் மன்னிப்பும் கேட்டார்கள். என்னைத் திருடி என்று எழுதிய ஆள் குழுவில் எல்லார் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார்.

சன்லேன் யார், எந்த ஊர் என்று தெரியவில்லை. தெரியாமலே போகட்டும். "அருமையான வெளிச்சம்" என்று சொல்ல இனி அவனுக்கு அங்கே இடமில்லை.

அப்பா கதையைக் கேள். பெரு நாட்டுப் பெரியவரின் வீடியோவைத் தறிக்கொட்டகையில் என் போனில் பார்த்தார். மண்வெட்டியும் கையுமாக அந்த ஆள் நின்ற நிலை அவருக்குப் பிடித்துவிட்டது.

"அவுரு என்னங் கண்ணு சொல்றாரு?"

"தன் பேரச் சொல்றாருங்கப்பா."

"சொல்லட்டுஞ் சாமி. நல்லாச் சத்தமாச் சொல்லட்டும்."

அப்புறம் தறி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, வேலைக்கு இருக்கிற பீகார்ப் பையன்களையும் கூப்பிட்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். அம்மாவின் வீடியோவை அதற்கப்புறம். அது ஓடும்போது எழுந்து நின்றுகொண்டே பார்த்தார். "அந்தம்மாளுக்கு நம்ம ஊட்டுல இருந்து ஒரு சேலை எடுத்துக் குடுக்கோணுங் கண்ணு" என்றார். படம் எடுக்கிற வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், என் கேமராப் பையின் அறுந்த வாரைத் தறி நூலால் இறுக்கித் தைத்து வைத்திருக்கிறார்.

அம்மாவிடம் சொல், அவள் குரல் மூன்று கண்டத்தில் கேட்டுவிட்டது.

உன் தரணி


உசிலம்பட்டி,
செப்டம்பர் 6, 2024

தரணி,

மையத்துக்காரர்கள் வீட்டுக்கே வந்தார்கள். அதே மேலாளர், கூட ஒரு பெரிய டாக்டர். கையில் பழத்தட்டு. தட்டிகள் எல்லா ஊரிலும் கழற்றியாகிவிட்டது, மன்னித்துவிடுங்கள், மனது கஷ்டப்பட்டதற்கு ஏதாவது செய்கிறோம் என்றார்கள்.

அம்மா பழத்தட்டை மயிலாள் அக்காவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"கழட்டுனா ஆச்சா? பாத்தவுக கண்ணுல இருந்து எப்படிக் கழட்டுவீக?"

டாக்டர் தலைகுனிந்தார். நீங்களே சொல்லுங்கம்மா, என்ன செய்யட்டும் என்று கேட்டார்.

"எங்க எங்க வச்சீகளோ, அங்க அங்க திரும்ப வைங்க. எத்தன நாள் வச்சீகளோ, அத்தன நாள் இருக்கணும். முந்தானை இந்தத் தோள்ல இருக்கணும். டீ, டீயா இருக்கணும். என்ன எழுதணும்னு நான் சொல்றேன்."

மேலாளர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அவரைப் பார்க்கவே இல்லை. "எழுதிக்கய்யா" என்றார். அம்மா சொல்லச் சொல்ல மேலாளர் எழுதினார். ஒரு எழுத்தை மாற்றக் கேட்டதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

தரணி, உன்னிடம் அனுமதி கேட்டு அவர்கள் எழுதியபோது நீ உடனே அசல் படத்தை அனுப்பிவிட்டாய். ஆனால் அதில் என்ன எழுதப் போகிறார்கள் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மா சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

இன்று காலை ஏற்றினார்கள். குழுப் பெண்கள் எல்லாம் வந்திருந்தார்கள். தலைவி பதவியை அம்மா விட்டதை யாரும் ஏற்கவே இல்லையாம், காலி நாற்காலியாகவே வைத்திருந்தார்களாம். அன்று தட்டிக்குக் கீழே "பழக்கமா" என்று அம்மாவைக் கேட்டவளும் கூட்டத்தில் ஓரமாக நின்றாள். அம்மாவே கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

கயிற்றில் கட்டிச் சுருளை மேலே இழுத்து விரித்தார்கள். முதலில் சேலை தெரிந்தது, அப்புறம் கை, டீ, அப்புறம் அந்தச் சிரிப்பு. எத்தனை பெரிய சிரிப்பு! நான் பாஸானதற்கு என் அம்மா அப்படியா சிரித்தாள்? பஸ் ஸ்டாண்டே நின்று பார்த்தது. தேனி பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி வந்துவிட்டார்.

எழுதியிருந்தது இதுதான்:

"இவர் பேர் ஒச்சாயி. திருப்பூரில் உழைத்து மகளைப் படிக்க வைத்தவர். மகள் தேறிய நாளில் டீ குடித்துக்கொண்டே சிரிக்கிறார். இவரைக் கேட்காமல், இவரைப் பற்றிப் பொய் எழுதினோம். மன்னிப்புக் கேட்கிறோம்."

அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில்:

"படம் எடுத்தவர் தரணி, பல்லடம்."

மேலாளர் அதைச் சின்ன எழுத்தில் ஓரத்தில் போடுகிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். "அவ பேரும் என் பேரும் ஒரே உயரம்" என்றாளாம் அம்மா.

நீ வந்து பார்க்க வேண்டும். அப்பாவையும் கூட்டி வா. பல்லடத்திலிருந்து மதுரை பஸ் பிடித்தால் போதும், மதுரையில் நான் நிற்கிறேன்.

தட்டியைக் கட்டி முடித்துவிட்டு அந்த ஆட்கள் ஏணியிலிருந்து இறங்கப் பார்த்தார்கள். அம்மா விடவில்லை. ரோட்டின் மறுபக்கம் வரைக்கும் நடந்துபோய், அங்கே நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அங்கிருந்தே கையை ஆட்டி, பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்:

"இன்னும் கொஞ்சம் மேல ஏத்துங்கய்யா!"

சித்ரா